தேவயானி கால்

ஐப்பசி மழை மூன்று நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை காலையில், கே.ஜி.கண்டிகை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, தேவயானிக்கு வலது கால் முறிந்தது. டீக்கடை வாசலில் தேங்கிக் கிடந்த தண்ணீரைத் தாண்டிப் போவதற்கு யாரோ ஒரு பலகை போட்டிருந்தார்கள். அதில் கால் வைத்தாள். பலகை வழுக்கியது. சாக்கடை விளிம்பில் கால் மடங்கி, அதன்மேல் அவளுடைய முழுப் பாரமும் விழுந்தது. ஓடிவந்து தூக்கப் போனவர்களிடம் அவள் முதலில் சொன்னது, "ஒண்ணுமில்லங்க, நானே எழுந்துக்கிறேன்" என்பதுதான்.

எழுந்துகொள்ள முடியவில்லை. பாதம் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

நாற்பத்தொன்பது வயது அவளுக்கு. நிறுத்தத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு பவர்லூம் செட்டில் தார் சுற்றும் வேலை. தறியில் இங்குமங்கும் ஓடுகிற நாடா என்னும் மரக்கூட்டுக்குள் போகும் சின்னக் கட்டைகளில் நூல் சுற்றித் தர வேண்டும். சுற்றினால் கூலி, சுற்றாவிட்டால் இல்லை. புருஷன் சின்னசாமி மாரடைப்பில் போய் மூன்று வருஷம் ஆகிறது. ஒரே மகள் விஜியும் மருமகன் சுதாகரும் குவைத்தில் இருக்கிறார்கள். திருத்தணியில் ஒரு மாடியறையில் தனியாகக் குடியிருந்தாள். யாரிடமும் எதையும் வாங்கிப் பழக்கமில்லாதவள். செட்டில் ஒருத்தி டீ வாங்கிக் கொடுத்தால், மறுநாள் அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கும்வரை நிலை கொள்ளாது.

பக்கத்து மெஷினில் வேலை செய்கிற புவனாவுக்கு யார் போய்ச் சொன்னார்களோ, தலையில் ஒரு நூல் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு மழையில் ஓடிவந்தாள்.

"இன்னாக்கா, நானே எழுந்துக்கிறேன்னு சொல்லிகினு இருந்தியாமே? கால பாத்தியா, எப்டி வளைஞ்சி கெடக்குதுன்னு? கம்முனு இரு. டேய், ஆட்டோவ ரிவர்ஸ்ல கொண்டா!"

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. ஆபரேஷன் செய்து பிளேட் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். காப்பீட்டுப் பிரிவில் உட்கார்ந்திருந்த பெண், பார்கவி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தாள், "ரேஷன் கார்டு இருக்காம்மா?" என்று கேட்டாள்.

"ஆங், இருக்குதுங்க." வலியிலும் தேவயானி இடுப்புப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

பார்கவி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது ஆந்திரா கார்டும்மா. இங்க செல்லாதே."

"அங்கயும் செல்லாதுங்க."

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்து அந்தப் பெண் சிரித்தாள். பிறகு தேவயானியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள்.

வேடிக்கை இல்லை, உண்மைதான். தேவயானி பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் எல்லைக்கு அந்தப் பக்கம், ஆந்திராவில் இருக்கும் நகரியில். அங்கிருந்து திருத்தணிக்குப் பஸ்ஸில் அரை மணி நேரம். ஏழு வருஷத்துக்கு முன்னால், இந்தப் பக்கம் தறி ஓட்ட ஆள் வேண்டும் என்று சின்னசாமிக்கு வேலை கிடைத்தபோது, இரண்டு பாயும் பாத்திர மூட்டையுமாகப் பஸ் ஏறி வந்தார்கள். அதை ஊரைவிட்டுப் போவதாக யாரும் நினைக்கவில்லை. பெயர் நகரியிலேயே, சின்னசாமியின் அண்ணன் தணிகைமணி வீட்டுக் கார்டில் இருந்தது. சின்னசாமி இறந்த பிறகு விதவைப் பென்ஷனும் அங்கேதான் வந்தது. மாதம் பிறந்தால் ஒருநாள் லீவு போட்டுவிட்டு நகரிக்குப் போய், பாவா என்று அவள் கூப்பிடும் தணிகைமணி வீட்டு வாசலில் காத்திருந்து, மெஷினில் விரல் வைத்து வாங்கிக்கொண்டு வருவாள். போன வருஷம் வீடு வீடாகக் கணக்கெடுத்தபோது அவள் அங்கே இல்லை. ஊரில் குடியிருக்கவில்லை என்று பென்ஷனையும் கார்டுச் சலுகைகளையும் நிறுத்திவிட்டார்கள்; பெயர் மட்டும் கார்டில் கிடந்தது. இல்லாததை இல்லை என்றுதானே எழுதியிருக்கிறார்கள் என்று அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. இந்தப் பக்கம் வந்து கேட்டால், இங்கே கார்டு இல்லாமல் எதுவும் கிடையாது. கார்டு வேண்டுமென்றால் இங்கே குடியிருப்பதற்கு அத்தாட்சி வேண்டும்.

ஆக, அந்த அரை மணி நேரப் பஸ் தூரத்துக்குள் அவள் இரண்டு பக்கத்துக்கும் இல்லாதவளாகிப் போயிருந்தாள்.

பிளேட் எப்படி வந்தது என்று அவளுக்குப் பல நாள் தெரியாது. செட் முதலாளி பச்சையப்பன், கூலி விஷயத்தில் கறார்ப் பேர்வழி, சென்னைக்கே போய் வாங்கிக் கொடுத்தார் என்றும், செட்டில் எல்லாருமாகச் சேர்ந்து அவரைப் போக வைத்தார்கள் என்றும் பின்னால்தான் தெரிந்தது. ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது, புவனா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா பண்ற?"

"குரூப் ஆரம்பிச்சிகினு இருக்கேன். நம்ம செட்டு ஆளுங்க பதினோரு பேரு. யாரு எப்ப உன்னாண்ட இருக்கணும், யாரு சோறு கொண்டாரணும், அதெல்லாம் இதுல பேசிக்கலாம்."

"குரூப்புக்குப் பேரு?"

"தேவயானி கால்."

வலியோடு சிரித்தாள். பிறகு, "எதுக்குமா இதெல்லாம், நான் பாத்துக்குவேன்" என்றாள்.

"எப்டி பாத்துப்ப? எழுந்து பாத்ரூம் போ, பாக்கலாம்."

தேவயானி கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள்.

அந்த குரூப்பில் எழுத்தே கிடையாது. செட்டில் பாதிப் பேருக்குத் தமிழ் எழுதப் படிக்க வராது. சிலருக்குத் தெலுங்கு எழுத்து மட்டும் தெரியும். தறி ஓட்ட ஒடிசாவிலிருந்து வந்த நான்கு குடும்பங்களுக்கு இரண்டுமே தெரியாது. அதனால் எல்லாம் குரலிலேயே போகும், குரலிலேயே வரும். பின்னால் தறிச் சத்தம் தடதடவென்று ஓட, "நாளைக்கி நான் வரேன், கஞ்சி நான் எடுத்தாரேன், யாரும் கொண்டாராதீங்க" என்று ஒரு குரல். "மாத்திர சீட்ட போட்டோ எடுத்து அனுப்பு" என்று இன்னொன்று. புவனா குவைத்து நம்பரையும் அதில் சேர்த்துவிட்டாள். மூன்றாம் நாள் விஜியின் குரல் வந்தது. வார்டில் எல்லாருக்கும் கேட்கும்படி புவனா சத்தமாகவே போட்டாள்.

"புவனாக்கா, எல்லாருக்கும் சொல்றேன். இங்க ஒரு வயசான அரபியம்மா, அவங்கள எழுப்பி, குளிப்பாட்டி, சோறு ஊட்டறதுதான் என் வேல. ரெண்டு வருஷம் முடியறவரைக்கும் அனுப்ப மாட்டாங்க. எங்கம்மாவ நீங்க குளிப்பாட்டறீங்க. எனக்கு இன்னா சொல்றதுன்னே தெரியல. அம்மா, நீ வேணாம் வேணாம்னு சொல்லாத. அவங்க பண்றத பண்ணட்டும்."

தேவயானி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பக்கத்துக் கட்டிலில் சீதாலட்சுமி என்ற அம்மாள் இருந்தார். அறுபத்தெட்டு வயது. குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. மலைமேல் கோயில் மடப்பள்ளியில் மூன்று தலைமுறையாகச் சமைக்கிற குடும்பம். கணவர் சுப்புரத்தினம் விடியுமுன் மலைக்குப் போய்ச் சாமிக்கு நைவேத்தியம் ஆக்கி வைத்துவிட்டு, பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வருவார். பெண்கள் வார்டில் பார்வை நேரத்துக்கு மேல் ஆண்களை இருக்க விடமாட்டார்கள். பாதி நேரம் வெளியே வேப்ப மரத்தடியில் தூக்குப் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருப்பார். மகன் பரத்வாஜ் கனடாவில் இருந்து நாள் தவறாமல் வீடியோவில் பேசினான். அவன் ஏற்பாடு செய்த ஹோம் நர்ஸ் இரண்டு நாள் வந்தாள். மூன்றாம் நாள் வேறு இடம் கிடைத்துப் போய்விட்டாள். அந்த அம்மாள் யாரையும் கூப்பிட மாட்டார். தண்ணீர் வேண்டுமென்றால்கூடக் கணவர் வரும்வரை பொறுத்துக்கொண்டு படுத்திருப்பார். அதைப் பார்த்த தேவயானிக்குத் தன்னையே பார்ப்பது போலிருந்தது.

ஆபரேஷன் முடிந்த எட்டாம் நாள் மினதியின் முறை. ஒடிசாக்காரப் பெண், இருபத்துநான்கு வயதிருக்கும். புருஷன் செட்டில் தறி ஓட்டுகிறான், இவள் நூல் பிரிக்கிறாள். வந்ததும் சட்டென்று ஒரு பக்கெட் வெந்நீர் பிடித்துவந்து, தேவயானியைக் கட்டில் விளிம்புக்கு நகர்த்தி, தலைக்குக் கீழே பிளாஸ்டிக் விரித்து, சீயக்காய் போட்டு அலசிவிட்டாள். துண்டால் சுற்றிக் கட்டிவிட்டு, மிச்ச வெந்நீரைத் தூக்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

"எனக்கு வேண்டாம்மா," என்றார் சீதாலட்சுமி அவசரமாக.

மினதி அவருடைய பின்னலைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"வேண்டாம்னு சொல்றேனே, உனக்குப் புரியலையா?"

"அம்மா, எனக்குத் தமிழ் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். சாப்பிடு தெரியும், தண்ணி தெரியும், நூல் தெரியும். வேணாம் மட்டும் தெரியாது," என்றாள் மினதி.

வார்டே சிரித்தது. தலை அலசி முடிக்கும்வரை சீதாலட்சுமி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பதினொரு நாளாகத் தண்ணீர் படாத தலை. மூடிய கண்ணின் ஓரத்திலிருந்து நீர் இறங்கிக் காதுக்குள் போனது. மினதி அதையும் துண்டாலேயே துடைத்துவிட்டாள். சீயக்காய் பட்டுவிட்டது என்று நினைத்தாளோ என்னவோ.

அன்றிலிருந்து குரூப்பில் யார் முறை வந்தாலும் இரண்டு கட்டிலுக்கும் சேர்த்தே பார்த்தார்கள். அப்படி யாரும் பேசி முடிவு செய்யவில்லை. ஒரு பக்கெட் வெந்நீரில் இரண்டு பேரைத் துடைக்க முடியும் என்றால் ஏன் ஒருத்தரை விட வேண்டும்? மறுநாள் சுப்புரத்தினம் கொண்டுவந்த தூக்குப் பாத்திரம் பெரிதாகியிருந்தது. மிளகு ரசம், சோறு, ஒரு பொரியல். அதற்கு மறுநாள் பாத்திரம் இரண்டானது. முறைக்கு வந்தவளும் அதிலேயே சாப்பிட்டாள். அவர் அதிகம் பேசுகிற மனிதர் இல்லை. பாத்திரத்தை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, "உப்பு சரியா இருக்கான்னு சொல்லுங்கோ" என்பார். நாற்பது வருஷமாக மலைமேல் ருசி பார்க்காமலே சமைத்த கை. சாமிக்குப் படைப்பதற்கு முன்னால் நாக்கில் வைக்கக் கூடாது. அதனால் உப்பைப் பற்றிக் கேட்பது அவருக்கே புதிதாக இருந்திருக்கும்.

தேவயானிக்கு அந்த நாட்களில் ராப்பகலாக ஒரே யோசனைதான். நகரியில் யாருக்காவது ஒன்று என்றால் தெருவே வரும். வந்தவர்கள் எல்லாரும் ஒருவிதத்தில் சொந்தம்; அத்தை, பெரியம்மா, பங்காளி. ஒரு நாள் தான் போனால் இன்னொரு நாள் அவர்கள் வருவார்கள் என்ற நிச்சயம் உண்டு. இவர்கள் யார்? இந்த மினதியின் ஊர் எங்கே இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. அவள் அம்மாவுக்குக் கால் முறிந்தால் தேவயானியா ரயில் ஏறிப் போகப் போகிறாள்? இதை எப்படித் திருப்பித் தருவது? ஒருநாள் புவனாவிடமே கேட்டுவிட்டாள்.

புவனா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். "நீ இன்னாக்கா, சும்மா சும்மா திருப்பித் தரணும் திருப்பித் தரணும்னு? எங்க மாமியாருக்குச் செஞ்சா நாளைக்கி சொத்துக்குத்தான் செய்றேன்னு பேசுவாங்க, கொற சொல்வாங்க. உனக்கு செஞ்சா ஒரு ரோதனையும் கிடையாது. செஞ்சமா, வந்தமா, போய்கினே இருக்கலாம். எனக்கு இங்க வந்து குந்தறது ரெஸ்ட்டு மாதிரி." ஒரு சுளையை அவள் வாயில் திணித்தாள். "துன்னு."

அந்தச் சுளையை மென்றுவிட்டு, அடுத்ததற்குத் தேவயானி தானாகவே கையை நீட்டினாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும் நாள் நெருங்கியதும் அடுத்த கஷ்டம் வந்தது. மாடியறைக்கு இருபத்தோரு படி. மூன்று மாதம் வலது காலை ஊன்றக் கூடாது. வீட்டுக்காரர் டில்லிபாபு பார்க்க வந்தார். ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றும் கொண்டுவந்தார். புவனா அவரிடம் நேராகவே கேட்டாள்: கீழ்ப் போர்ஷன் எதாவது கொடுக்க முடியுமா, கூடவே ஒரு வாடகை அக்ரிமெண்ட் எழுதித் தர முடியுமா? அது இருந்தால் இங்கே கார்டுக்கு எழுதிப் போடலாம் என்று பார்கவி வழி சொல்லியிருந்தாள்.

"கீழ காலி இல்லம்மா. அக்ரிமெண்ட்ட மட்டும் கேக்காதீங்க," என்றார் அவர். "ஒருத்தனுக்கு எழுதிக் குடுத்துட்டு, அவன காலி பண்ண வைக்க நான் நாலு வருஷம் கோர்ட்டுக்கு அலைஞ்சேன். இந்தம்மா நல்லவங்கதான். ஆனா எனக்கு பயமா இருக்குது." சொல்லிவிட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அட்வான்ஸை முழுசாகத் திருப்பிக் கொடுத்தார். சாமான்களை இறக்க ஆளும் அனுப்பினார்.

எங்கே இறக்குவது என்பதுதான் தெரியவில்லை. புவனாவின் வீட்டில் ஏழு பேர். மினதியும் புருஷனும் செட்டுக்குப் பின்னாலேயே ஒற்றை அறையில் இருக்கிறார்கள்.

அப்போது பக்கத்துக் கட்டிலிலிருந்து சீதாலட்சுமி பேசினார். "எங்காத்துல பின்பக்கம் ஒரு ரூமும் சமையலறையும் காலியாத்தான் இருக்கு. பரத்வாஜ் படிக்கறதுக்குன்னு கட்டினது. தரையோட தரையா இருக்கும், படி கிடையாது. நீங்க அங்க வந்துடுங்கோ."

"வேணாம்மா, உங்களுக்கு எதுக்கு…"

"எனக்கும் வேணாம் தெரியாது," என்றார் அந்த அம்மாள்.

அன்று சாயங்காலம் வீடியோவில் பரத்வாஜ் தயங்கினான். முன்பின் தெரியாதவர்கள், அதுவும் அக்ரிமெண்ட்டோடு என்றால் யோசிக்க வேண்டும் அப்பா, என்றான். சுப்புரத்தினம் கைப்பேசியை முகத்துக்கு மிக நெருக்கமாகப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "நீ வர முடியலைன்னு நான் ஒருநாளும் தப்பு சொன்னதில்லைடா. வந்தவாளை வேண்டாம்னு நீ சொல்லாதே." பையன், "சரிப்பா, அந்த அம்மாகிட்ட போனைக் குடு" என்றான். தேவயானியிடம், தன் அம்மா மாத்திரையைச் சரியாகப் போடுகிறாரா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டுக்கொண்டான்.

மூன்றாம் நாள் முத்திரைத்தாளில் அக்ரிமெண்ட் எழுதி வந்தது. சுப்புரத்தினமே போய் எழுதி வாங்கியிருந்தார். வாடகை என்று ஒன்றைப் போட்டால்தான் வருவேன் என்று தேவயானி பிடிவாதம் பிடித்ததால், அவர் ஒரு தொகையைப் போட்டிருந்தார். அதைக் கேட்டிருந்தால் டில்லிபாபு சிரித்திருப்பார்.

தை மாதம் பிறந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு நடக்க வந்ததும், நகரிக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே பெயரை நீக்கிச் சான்றிதழ் வாங்கினால்தான் இங்கே எழுதிப் போட முடியும். புவனா கூடப் போனாள். கண்டக்டர் முன் சீட்டில் இருந்த ஒருவரை எழுப்பி இடம் வாங்கிக் கொடுத்தார்.

தணிகைமணி பாவா தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். தம்பி மனைவியின் காலைப் பார்த்தார். வாக்கரைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் இருந்த பதினெட்டு நாளில் அவர் ஒருமுறைகூட வரவில்லை என்பது தேவயானியின் மனதில் முள்ளாக இருந்தது. அவராகவே சொன்னார்.

"ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் வந்தேம்மா. ரெண்டு தரம். நம்ம தறி ரெண்டு மாசமா நின்னு போய் கெடந்துது. தம்பி பொண்டாட்டி படுத்துகினு இருக்கா, வெறுங்கைய வீசிகினு எப்டி உள்ள வர்றது? அப்டியே பஸ் ஏறிட்டேன்."

"வெறுங்கையா வந்தாதான் இன்னா பாவா? நீ வந்து நின்னிருந்தா போதும் எனக்கு."

"அது இப்ப தெரியுது."

பெயர் நீக்க வந்திருப்பதைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. "அப்ப, எங்க வீட்டுக்கு நீ யாருன்னு ஆயிடும்?"

"கார்டுலதான் பாவா எடுக்கறது. சின்னசாமி பொண்டாட்டின்றத எவன் எடுப்பான்?"

அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு கூடவே வந்தார். குடும்பத் தலைவர் கையெழுத்து வேண்டும். அலுவலகத்தில் இருந்த இளைஞன் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே தெலுங்கில் கேட்டான், நிரந்தரமாகவே போய்விட்டீர்களா என்று. தேவயானி ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஜன்னலுக்கு வெளியே அவள் பள்ளிக்கூடம் போன தெரு தெரிந்தது. தணிகைமணி அவள் முகத்தைப் பார்க்காமல் வாக்கரின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவுனண்டி," என்றாள். ஆமாங்க.

இளைஞன் ஒரு பொத்தானை அழுத்தினான். அவ்வளவுதான். திரும்பும்போது பஸ் வரும்வரை பாவா கூடவே நின்று, வாக்கரை மடித்து உள்ளே ஏற்றிவிட்டு, "மாசம் ஒரு தரம் நான் வரேன். ஒண்ணும் கொண்டார மாட்டேன்" என்றார். சொன்னபடியே மாசி மாதம் வந்தார். கையை வீசிக்கொண்டு வந்து, சுப்புரத்தினம் வீட்டுப் பின்பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

மனு போட்டு இரண்டு மாதம் கழித்து வீட்டைச் சரிபார்க்க ஒரு அலுவலர் வந்தார். வாசலில் இரண்டு பெண்கள், இரண்டு பேரும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு எதிரும் புதிருமாக நின்றிருந்ததைப் பார்த்து அவருக்கே குழப்பம் வந்துவிட்டது.

"இதுல தேவயானி யாரு?"

தேவயானி கையைத் தூக்கினாள்.

"நிஜமாவே இங்கதான் இருக்காங்களா?" என்று அவர் சீதாலட்சுமியிடம் கேட்டார்.

"இங்கதான் இருக்கா. காலம்பற ரெண்டு பேரும் சேர்ந்துதான் நடை பழகறோம். வேணும்னா நடந்து காட்டட்டுமா?"

"வேணாங்கம்மா. உங்களுக்கு இவங்க என்ன உறவு?"

சீதாலட்சுமி யோசித்தார். வாடகைக்கு இருக்கிறவள் என்று சொல்லியிருக்கலாம். அதுதானே காகிதத்தில் இருக்கிறது. ஆனால் உறவு என்று கேட்டதால், கேட்டதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியதோ என்னவோ.

"பக்கத்து பெட்டு," என்றார்.

அலுவலர் வாய்விட்டுச் சிரித்தார். படிவத்தில் வாடகைதாரர் என்று எழுதிக்கொண்டு, சுப்புரத்தினம் கொடுத்த மோரை நின்றுகொண்டே குடித்துவிட்டுப் போனார்.

ஆனி மாதத்தில் கார்டு வந்தது. ரேஷன் கடையில் முதல் தடவையாகத் திருத்தணி விலாசத்தில் அரிசி வாங்கினாள். விரல் முதல் தடவையிலேயே பதிந்தது. எல்லாமே சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. விதவைப் பென்ஷனுக்குப் போட்ட மனு இன்னும் எங்கேயோ இருக்கிறது. வலது கால் இடதைவிட ஒரு விரற்கடை குட்டையாகிவிட்டது. மழை வருவதற்கு முந்தின நாளே அது குத்த ஆரம்பித்துவிடும். விஜி வருவதற்கு இன்னும் எட்டு மாதம். ஆனாலும் காலையில் கண் விழித்ததும் யார் யாரோ தன்னைத் தூக்கிப் பிடித்திருப்பது போல ஒரு நினைப்பு வரும். அது வந்ததும் உடம்பு லேசாகிவிடும். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. புவனாவிடம் சொன்னால் திட்டுவாள்.

அதனால் ஒரு புதன்கிழமை, கூட்டம் இருக்காத நாளாகப் பார்த்து, கையில் ஒரு ஊன்றுகோலோடு கோயில் பஸ்ஸில் மலைக்குப் போனாள். அர்ச்சனைச் சீட்டையும் தட்டையும் நீட்டினாள். வயசு குறைந்த குருக்கள்.

"பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ."

"புவனா," என்றாள்.

"நட்சத்திரம்?"

"தெரியாதுங்க சாமி. மினதி, பச்சையப்பன், சீதாலட்சுமி, சுப்புரத்தினம்…"

"எல்லாருக்குமா? நட்சத்திரம் ஒண்ணுகூடத் தெரியாதா?"

"கிழமதான் தெரியும். புவனா திங்கள், வெள்ளி. மினதி செவ்வா, சனி."

குருக்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னால் நாலைந்து பேர் நின்றார்கள். "அப்படின்னா சாமி பேருக்கே பண்ணிடலாம்மா. எல்லாருக்கும் சேர்ந்துடும்."

"இல்லங்க சாமி. பேரு சொல்லணும். ஒவ்வொண்ணா சொல்லுங்க, நான் காத்துகினு இருக்கேன்."

அவள் கேட்ட விதத்தில் ஏதோ இருந்திருக்க வேண்டும். குருக்கள் தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, "சரி, மெதுவாச் சொல்லுங்கோ" என்றார். அவள் சொன்னாள். செட்டுக்காரர்கள் பதினோரு பேர். கார்டுக்கு வழி சொன்ன பார்கவி. டில்லிபாபு. தணிகைமணி பாவா. கனடாவில் இருக்கிற பையன். பெயர் கேட்டுக்கொள்ளாமலே விட்டுவிட்ட ஆட்டோக்காரனுக்காக, கண்டிகை ஆட்டோ என்றாள். குருக்கள் மினதியை மீனாட்சி என்று சொன்னபோது நிறுத்தித் திருத்தினாள். பின்னால் நின்ற ஒரு கனகம்மாசத்திரத்துக்காரர், "சொல்லட்டும் சாமி, எங்களுக்கு அவசரமில்ல" என்றார். அவருக்கும் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டாள்.

மத்தியானம் செட்டுக்கு அரை நாள் வேலைக்குப் போனாள். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. இலையில் மடித்துக் கொண்டுவந்த விபூதியையும் சந்தனத்தையும் ஒவ்வொருவர் நெற்றியிலும் வைத்துக்கொண்டே போனாள். மினதி நெற்றியைக் காட்டி நின்றபடி, சத்தத்தை மீறிக் கத்திக் கேட்டாள்.

"அக்கா, சாமிகிட்ட என்ன கேட்டே?"

"ஒண்ணும் கேக்கலம்மா," என்றாள் தேவயானி. "உங்க பேரெல்லாம் சொல்லிட்டு வந்தேன். அவ்ளோதான்."

பிறகு மெஷினுக்கு எதிரே உட்கார்ந்து, காலை ஒரு நூல் மூட்டைமேல் நீட்டி வைத்துக்கொண்டு, தார் சுற்றத் தொடங்கினாள்.